துணை டேங்க்கை முதலில் காலி செய்யுங்கள்

சிம்ப்சன் பாலைவனம் ஆண்டுதோறும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடியிருக்கும். திறந்து, வெயிலும் சற்றுத் தணிந்ததும் ஆஸ்திரேலியாவின் நாலா பக்கமிருந்தும் வண்டிகள் மவுண்ட் டேரை நோக்கிக் கிளம்பும். கிளம்புமுன் பட்டறையில் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எத்தனை லிட்டர் டேங்க் போடலாம்?" அந்த டீசலை எந்த வரிசையில் செலவழிப்பது, டேங்க்கின் அடியில் கிடப்பது டீசல்தானா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை.

கொள்ளளவுக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மவுண்ட் டேரிலிருந்து பிரெஞ்ச் லைன் வழியே பேர்ட்ஸ்வில் போய்ச் சேர 500 கி.மீ.க்கு மேல் ஆகும். நடுவில் பங்க் கிடையாது, மணல்மேடுகள் ஆயிரத்தைத் தாண்டும். மேடுகளின் மேற்குச் சரிவு சாய்வானது, கிழக்குச் சரிவு செங்குத்தானது. ஆகவே கிழக்கிலிருந்து மேற்கே வருகிறவருக்கு டீசல் கூடவே செலவாகும். சுற்றுவழிகளோடு 550 கி.மீ., நூறு கிலோமீட்டருக்கு 22 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 121 லிட்டர் வேண்டும். லேண்ட் குரூசர் 79-இல் கம்பெனி தரும் டேங்க் 130 லிட்டர். மிச்சமிருக்கும் ஒன்பது லிட்டரை நம்பி யாரும் பாலைவனத்தில் இறங்கமாட்டார்கள். துணை டேங்க் தேவை, அதில் வாதமில்லை. நூறு லிட்டர் டீசல் ஏறத்தாழ 84 கிலோ என்பதை மட்டும் எடைக் கணக்கில் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் வாதம் அதைப் பயன்படுத்தும் முறையோடுதான். துணை டேங்க்கைச் சேமிப்புக் கணக்கு மாதிரிக் கடைசிவரை தொடாமல் வைத்திருப்பது பலருக்கும் வழக்கம். பிரதான டேங்க்கில் சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் டிரான்ஸ்பர் சுவிட்சைத் தட்டுவார்கள். பம்ப் ஓடினால் நல்லது. பியூஸ் போயிருந்தால், கனெக்டரில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால், மாதக்கணக்கில் ஓடாத பம்ப் இறுகியிருந்தால், அந்தச் செய்தி உங்களுக்குத் தெரியவருவது பாலைவனத்துக்குள் வெகுதூரம் வந்த பிறகு. டேங்க் நிறைய டீசல் இருக்கும், எஞ்சினுக்கு ஒரு சொட்டும் போகாது.

மாற்றிச் செய்துபாருங்கள். டல்ஹவுசி ஊற்றைக் கடந்து பர்னி போரை எட்டும்போது பிரதான டேங்க்கில் முப்பது லிட்டர் அளவுக்கு இடம் ஏற்பட்டிருக்கும். அங்கேயே நிறுத்திச் சுவிட்சைப் போடுங்கள். துணை டேங்க் முள் இறங்கி, பிரதான முள் ஏறினால் பயணத்தைத் தொடரலாம். ஏறாவிட்டால், கையில் நூறு லிட்டர் இருக்கிறது, மவுண்ட் டேருக்குத் திரும்பிவிடலாம். அதன்பிறகும் இடம் ஏற்பட ஏற்பட மாற்றிக்கொண்டே வந்து, துணை டேங்க்கை முதலில் காலி செய்வதுதான் முறை. ஒரு எச்சரிக்கை: பம்பைப் போட்டுவிட்டுப் பேச்சில் மறந்தால், நிரம்பிய டேங்க்கின் பிரீதர் வழியாக டீசல் மணலுக்குப் போகும். பம்ப் நிமிடத்துக்கு எவ்வளவு தள்ளும் என்று வீட்டிலேயே அளந்துவைத்து, போனில் அலாரம் வையுங்கள்.

இனி சுத்தம். காமன் ரெயில் எஞ்சினில் டீசல் 1,600 முதல் 2,500 பார் வரை அழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது. இன்ஜெக்டருக்குள் ஊசி நகரும் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன் சுமார் எழுபது மைக்ரான். பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின் அழுக்கைச் சகித்துக்கொள்ளும், இருமிக்கொண்டே ஊர் சேர்க்கும். இன்றைய எஞ்சினில் ஒரு வாய்த் தண்ணீர் போனாலும் செலவு இன்ஜெக்டர் செட்டோடு நிற்பதில்லை, உயரழுத்த பம்பும் சேர்ந்து போகும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? "பாலைவனத்தில் ராத்திரிக் குளிருக்கு டேங்க்குக்குள் வியர்த்துவிடும்" என்று அனுபவசாலிகளும் சொல்கிறார்கள். கணக்குப் போட்டால் இது நிற்காது. 35 டிகிரி வெயிலில், 20 விழுக்காடு ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் நீராவி சுமார் 8 கிராம். இரவு 5 டிகிரிக்கு இறங்கினால் அதில் ஏழு கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் காற்றிலேயே தங்கிவிடும். நூறு லிட்டர் வெற்றிடமுள்ள டேங்க்கில் படிவது சுமார் 0.1 கிராம்: இரண்டு சொட்டு. ஈரக்காற்று வீசும் கடற்கரை நகரத்தில், பாதி காலியான துணை டேங்க்கோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில்தான் அந்தச் சொட்டுகள் இரவுக்கிரவு சேரும். பாலைவனத்தின் மேல் பழியைப் போடுகிறோம், தண்ணீர் சேர்ந்ததோ வீட்டு வாசலில். அந்தத் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில்தான் கருப்புப் பாசியும் வளர்கிறது. பயணத்துக்கு முந்தின நாள் கிருமிக்கொல்லி ஊற்றுவது இதற்கு வைத்தியமாகாது. செத்த பாசி முழுக்க ஃபில்டருக்குத்தான் வந்து சேரும். ஊற்றுவதானால் பல வாரம் முன்பே ஊற்றி, வண்டியை ஓட்டி, ஃபில்டரை மாற்றிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

மொத்தமாகத் தண்ணீர் நுழைய வேறு வாசல்கள் உண்டு. ஓடிச் சூடான டேங்க் ஐர் க்ரீக்கின் வெள்ளத்தில் இறங்கியதும் குளிர்ந்து சுருங்கும். பிரீதர் குழாயின் வாய் தாழ்வாக இருந்தால் காற்றுக்குப் பதில் சேற்றுநீரை உறிஞ்சும். வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்த டிரம்மும் அப்படித்தான். மூடியைச் சுற்றித் தேங்கிய மழைநீரை, பகலில் சூடேறி இரவில் குளிரும் டிரம் திருகுமரை வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும். டிரம்மைப் படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில், டீசலுக்கு அடியில் இருக்கும்படி வைப்பது இதற்காகத்தான்.

துணை டேங்க்கை முதலில் காலி செய்யச் சொல்வதன் இரண்டாவது காரணம் இங்கே வருகிறது. 1,850 கி.மீ. நீளும் கேனிங் ஸ்டாக் ரூட்டில், முன்கூட்டியே இறக்கிவைத்த 200 லிட்டர் டிரம்மிலிருந்து டீசல் எடுப்பது நெடுநாள் வழக்கம். அப்படிப்பட்ட சந்தேக டீசலைப் பிரதான டேங்க்கில் ஊற்றவே கூடாது. காலியாக இருக்கும் துணை டேங்க்கில் ஊற்றி, இரவு முழுக்க வண்டியை அசைக்காமல் நிறுத்துங்கள். நூறு மைக்ரான் அளவுள்ள நீர்த்துளி முப்பது சென்டிமீட்டர் இறங்க இருபது நிமிடம் போதும். பத்து மைக்ரான் துளிக்கு ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். ஆகவே காலையில் அடியிலிருந்து வடித்தால் பெரிய துளிகள் போய்விடும், பொடித்துளிகளை டிரான்ஸ்பர் லைனில் பொருத்திய வாட்டர் செப்பரேட்டர் பார்த்துக்கொள்ளும். அந்த லைனில் ஃபில்டரே இல்லாமல் துணை டேங்க் பொருத்தித் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொருத்துகிறவருக்கு மிச்சம் சின்னத் தொகை, ஓட்டுகிறவர் வைக்கும் பணயம் ஒரு எஞ்சின்.

கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் அறுத்துப் பாருங்கள் என்று மெக்கானிக்குகளைக் கேட்டுக்கொள்கிறோம். தாளை மடிப்பு மடிப்பாக விரித்து, வெளிச்சத்தில் பிடித்தால் வண்டியின் வரலாறு தெரியும். வழவழவென்று கருப்பாக ஒட்டினால் பாசி. விரலில் நறநறக்கும் செம்பொடி, காற்றடிக்கும்போது ஜெர்ரி கேனிலிருந்து ஊற்றியதன் பலன். வெள்ளிப் பொடி மின்னினால், அநேகமாகப் புது டேங்க்கைக் கழுவாமலே மாட்டியிருக்கிறார்கள்: வெல்டிங்கின்போது உதிர்ந்ததும் துளையிட்டபோது விழுந்த சீவலும் உள்ளேயே கிடந்திருக்கின்றன. புது டேங்க் சுத்தமாகத்தான் இருக்கும் என்ற நினைப்பைப் பட்டறைகள் விட வேண்டும்.

டேங்க் செய்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெரும்பாலான துணை டேங்க்குகளில் வடிகால் திருகு இருக்கிறது. அது அடிப்பாதுகாப்புத் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, அல்லது மிகத் தாழ்வான புள்ளியிலிருந்து விலகி இருக்கிறது. ஆறு போல்ட் கழற்றினால்தான் கைக்கு எட்டும் என்றால் மணலில் யாரும் வடிக்கமாட்டார்கள். அடிமட்டப் புள்ளியில், கல் படாத மறைவில், கையால் திறக்கும் பூட்டுக்குழாய் ஒன்று வேண்டும். வாங்குபவர்கள் லிட்டர் கணக்கைக் கேட்குமுன் டேங்க்கைக் கவிழ்த்து அந்தத் திருகைப் பார்க்கட்டும்.