உள்ளே தெரிய வேண்டியதில்லை

ஒவ்வோர் ஆண்டும் போகி நெருங்கும்போது சமையலறைக் குறிப்புகள் என்ற பெயரில் அதே அறிவுரை வந்துவிடுகிறது: தகர டின்னையும் எவர்சில்வர் சம்புடத்தையும் கழித்துவிட்டு, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மாறுங்கள். பல வருடங்களாகப் படித்துச் சலித்துவிட்டேன். இதைச் சொல்கிறவர்கள் மளிகைச் சாமானைப் பற்றி யோசிப்பதே இல்லை. அலமாரி படத்தில் எப்படி விழும் என்பதுதான் அவர்கள் கவலை.

துருப்பிடிக்கும் என்கிறார்கள். தகர டின் என்பது உருக்குத் தகட்டின்மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு. பூச்சு கீறி ஈரம் பட்டால் துரு வரும். கழுவியதும் துடைத்து வெயிலில் வைக்கும் வீட்டில் அது பல காலம் உழைக்கும். எவர்சில்வரையும் இந்தக் கணக்கில் சேர்ப்பது அறியாமை. அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் உண்டு. காற்றுப் பட்டதும் மேலே ஒரு காப்புப் படலம் உண்டாகிறது, கீறல் விழுந்த இடத்திலும் மறுபடி படர்கிறது.

கனமாம். எலி கடித்துத் துளைக்க முடியாத டின் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும்.

அவர்கள் பெருமையாகச் சொல்வது, உள்ளே இருப்பது தெரியும் என்பது. பெரிய குறையே அதுதான். கண்ணுக்குத் தெரிகிறது என்றால் வெளிச்சம் உள்ளே போகிறது என்று பொருள். மிளகாய்த்தூளின் சிவப்பு கரோட்டினாய்டு நிறமிகளால் வருவது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அவை சிதைந்து தூள் வெளிறிப்போகும். மஞ்சள்தூளின் குர்குமினும் ஒளி தாங்காது. முறுக்கு, சீடை, மிக்சர் என்றால் கேடு இன்னும் சீக்கிரம் வரும். பலகாரத்தில் ஊறிய எண்ணெயின் ஆக்சிஜனேற்றத்தை வெளிச்சம் விரைவுபடுத்த, சிக்கு வாடை கிளம்பிவிடும். மாவையும் நெய்யையும் போட்டு, அடுப்படியில் வெந்து செய்த பலகாரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் அடுக்கச் சொல்கிறார்கள். அலமாரிக் கதவை மூடித்தானே வைக்கிறோம் என்று பதில் வரும். கதவை மூடிய பிறகு உள்ளே தெரிவதால் யாருக்கு என்ன பயன்? அஞ்சறைப் பெட்டியில் கடுகு எந்தக் கிண்ணம், சீரகம் எந்தக் கிண்ணம் என்பது சமைக்கிறவர் கைக்குத் தெரியும். மற்ற டின்களுக்கு ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினால் போதும்.

வாசனையையும் பிளாஸ்டிக் விடுவதில்லை. சாம்பார்ப்பொடி இருந்த டப்பாவை எவ்வளவு கழுவினாலும் மணமும் மஞ்சள் கறையும் போகாது. அதில் பிறகு சர்க்கரை கொட்ட மனம் வராது. எவர்சில்வரில் பெருங்காயமே இருந்தாலும் நன்றாகத் தேய்த்துக் காயவைத்தால் அடுத்த சாமானுக்குத் தயார்.

புளி, உப்பு, ஊறுகாய் உலோகத்துக்கு ஆகாது என்பது உண்மை. அதற்குப் பீங்கான் ஜாடி இருக்கிறது.

மூடி இறுக்கமாக இருந்தால் வண்டு வராது என்பது தவறு. அரிசி வண்டு அரிசி மணிக்குள்ளேயே முட்டையிடுகிறது, கடையிலிருந்தே கூட வந்துவிடுகிறது. சாமானை நன்றாக உலர்த்திக் கொட்டிவைப்பதுதான் வழி.

விலை அதிகம் என்பது அவர்களுடைய கடைசி வாதம். வாங்கும் நாளில் அதிகம்தான். ஆனால் நசுங்கிய எவர்சில்வர் தூக்கைப் பாத்திரக்கடைக்குக் கொண்டுபோனால் எடைபோட்டுப் புதுப் பாத்திரத்தின் விலையில் கழித்துக்கொள்கிறார்கள். ஓட்டைத் தகர டின்னைக்கூடப் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். மூடியின் கொக்கி ஒடிந்த பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுபோய் அந்தப் பாத்திரக்கடையில் கொடுத்துப் பாருங்கள்.