காரியம் முடிந்த கையோடு போஸ்டர்

பஹல்காமில் 2025 ஏப்ரல் 22 அன்று பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மே 7, பதினாறாம் நாள், இந்தியா ‘ஆபரேஷன் சிந்தூர்’ என்ற பெயரில் பதிலடித் தாக்குதல் நடத்தியது. இரண்டே நாளில், மே 9 இரவு, ‘ஆபரேஷன் சிந்தூர்’ படத்துக்குப் போஸ்டர் வந்துவிட்டது. சீருடைப் பெண், ஒரு கையில் துப்பாக்கி, மறு கையால் வகிட்டில் குங்குமம். கணவனைக் கண்ணெதிரே பறிகொடுத்த பெண்கள் அந்தப் படத்தைப் பார்த்தால் என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கண்டனம் கிளம்பிய பிறகே இயக்குநர் மன்னிப்புக் கேட்டார். அதே தலைப்பைப் பதிய மும்பைத் தயாரிப்பாளர்கள் முண்டியடித்ததும் அந்த வாரத்தில்தான்.

வெட்கக்கேடு.

இந்த அவசரம் புதிதல்ல. டைட்டானிக் மூழ்கிச் சுமார் ஒரு மாதத்திலேயே, 1912 மே மாதம், அதைப் பற்றிய படம் வெளியானது. உயிர் தப்பிய நடிகை டோரதி கிப்சன், அன்றிரவு உடுத்தியிருந்த உடையிலேயே நடித்தார். ஆனால் வருடக் கணக்கு மட்டும் போதாது. இரட்டைக் கோபுரத் தாக்குதல் நாளில் கடத்தப்பட்ட விமானத்தைப் பற்றி 2006-இல், ஏறத்தாழ ஐந்தாண்டு கழித்து, ‘யுனைடெட் 93’ வந்தபோதும் நியூயார்க் திரையரங்கு ஒன்று முன்னோட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது, பார்த்தவர்கள் கலங்கிப்போனார்கள். இத்தனைக்கும் இயக்குநர் பால் கிரீன்கிராஸ் இறந்தவர்களின் குடும்பங்களைத் தேடிப்போய்ப் பேசியவர்.

நம் பக்கம் தேடிப்போக ஆளே இல்லாத சாவுகளும் உண்டு. ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியில் நடந்தவை அப்படிப்பட்டவை.

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை பிற்பகல். லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது பட்டாசுக் கடையில் தீப்பிடித்தது. 14-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலும் தமிழ்நாட்டு இளைஞர்கள். தர்மபுரி மாவட்டம் டி.அம்மாபேட்டையிலிருந்து மட்டும் பல பேர். தீபாவளி சீசன் கூலிக்காக எல்லை தாண்டிய கல்லூரி மாணவர்களும் அவர்களில் இருந்தார்கள். கர்நாடக அரசு 5 லட்சம், தமிழ்நாடு அரசு 3 லட்சம் அறிவித்தன. பாதுகாப்பு விதிகள் கடைப்பிடிக்கப்படவில்லை என்று முதல்வர் சித்தராமையாவே சொன்னார்; வழக்கு சிஐடிக்குப் போனது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், ஜூலை 29 அன்று, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் செத்திருந்தார்கள். ஒரே நெடுஞ்சாலை, ஒரே சரக்கு.

இந்தப் பிள்ளைகளின் பெயரில் தலைப்புப் பதிய எவரும் வரிசையில் நிற்கவில்லை. தீப்பிழம்பு வீடியோ மட்டும் அன்று மாலைக்குள் கைப்பேசி கைப்பேசியாக ஓடியது. பெற்றவர்களுக்கு முன்னால் ஊரே பார்த்துவிட்ட சாவு அது. அதுவும் ஒரு படம்தான். யாரையும் கேட்காமல் வெளியான படம்.

அம்மாபேட்டை இருக்கும் அதே அரூர்ப் பக்கத்து வாச்சாத்தியில் 1992-இல் வனத்துறையினரும் காவல்துறையினரும் நடத்திய கொடுமையை நினைவூட்டும் காட்சிகள், 2023-இல் ‘விடுதலை’ படத்தில் பெருந்திரைக்கு வந்தன. அதற்குள் அந்த ஊர்ப் பெண்கள் 19 ஆண்டு நீதிமன்றம் ஏறி, 2011-இல் தீர்ப்பும் வாங்கிவிட்டார்கள்.

அத்திப்பள்ளியைப் படமாக்க ஒருவர் வந்தால், முதலில் அம்மாபேட்டையில் வீடு வீடாகப் போய் உட்காரட்டும். வேண்டாம் என்றால் திரும்பிவிடட்டும். சரி என்றால், தீயிலிருந்து தொடங்க வேண்டாம். படிக்கிற பையனைக் கூலிக்கு அனுப்பிய வீட்டுக் கடனையும், உரிமத்தில் கையெழுத்திட்ட மேசையையும் காட்டட்டும்.

 எல்லைக் கடைகளுக்கு ஆள் எடுப்பது ஒவ்வொரு தீபாவளிக்கும் வெகு முன்பே தொடங்கிவிடும். இரு மாநில அதிகாரிகளும் அதற்குள் ஒவ்வொரு கிடங்கையும் திறந்து பார்த்தாக வேண்டும்.