ஹாலோவீன் நெருப்புக்கு பில் யாருக்கு வருது?

அக்டோபர் கடைசி வாரம் ஆனா போதும், டப்ளின்ல நம்ம ஆளுங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரே கேள்விதான். "வீட்டுக்குப் பக்கத்து புல்வெளியில பலகை, டயர்னு குவிச்சு வச்சிருக்காங்க, யார்கிட்ட சொல்றது?" சேமிப்பு, வரின்னு பேசுற இடத்துல இது எதுக்குன்னு கேட்பீங்க. இதுவும் காசு விஷயம்தான்.

அக்டோபர் 31 ராத்திரி நெருப்பு மூட்டுறது அயர்லாந்தோட ரொம்பப் பழைய வழக்கம். ஆனா இன்னைக்கு அதுல எரியறது விறகு மட்டும் இல்ல. பேலட், சோபா, டயர் எல்லாம் போகுது. 1996 கழிவு மேலாண்மைச் சட்டப்படி குப்பையை இப்படி எரிக்கிறது குற்றம். எரிக்கிறதுக்குப் பொருள் கொடுத்தாலும் மாட்டுவீங்க. அதனால கவுன்சில் ஆட்கள் சில வாரம் முன்னாடியே லாரியோட சுத்தி குவியலை அள்ளுறாங்க. அன்னைக்கு ராத்திரி தீயணைப்பு வண்டி ஓடுது. மறுநாள் கருகின புல்தரையைச் சரி பண்ணணும். இதுக்கெல்லாம் யார் காசு?

இங்கே தீயணைப்பு சேவையை நடத்துறது உள்ளூர் கவுன்சில்கள். புது வண்டி, ஸ்டேஷன் கட்டிடத்துக்கு மத்திய அரசு மானியம் தரும். சம்பளம், அன்றாடச் செலவு கவுன்சில் பட்ஜெட்டுல இருந்துதான். அந்த பட்ஜெட்டுக்கு வர்ற பணத்துல ஒரு பங்கு எல்பிடி, அதாவது வீட்டுச் சொத்து வரி. இந்த வரியை 15% வரை குறைக்கிற அதிகாரம் கவுன்சிலர்களுக்கு உண்டு. டப்ளின் நகர கவுன்சில் பல வருஷம் தொடர்ந்து முழு 15% குறைச்சுது.

அதுல ஒரு வீட்டுக்கு என்ன மிச்சம்? 2025 வரைக்கும் இருந்த கணக்குல, 3 லட்சம் யூரோ வீட்டுக்கு வரி வருஷம் 315 யூரோ. 15%ன்னா 47 யூரோ சொச்சம். மாசத்துக்கு நாலு யூரோ, ஒரு காபி காசு. அதுவும் ஓனருக்கு. வாடகைக்கு இருக்கற நமக்கு? என் ஓனர் ஒரு சென்ட் குறைக்கல!

டப்ளின்ல தீயணைப்பு வீரர்களே ஆம்புலன்ஸையும் ஓட்டுறாங்க. ஹாலோவீன் அன்னைக்கு அவங்க மேல கல்லும் ராக்கெட்டும் பறக்குது. டப்ளினைத் தாண்டினா பெரும்பாலும் 'ரிடெய்ன்டு' வீரர்கள். வேற வேலை பார்த்துக்கிட்டே, பேஜர் அடிச்சா சில நிமிஷத்துல ஸ்டேஷன்ல நிக்கணும். அதனால ஊரை விட்டு நகர முடியாது. வீக்எண்ட் ஆன்-கால் வந்தாலே நாம புலம்புறோம், அவங்களுக்கு 2023 வரைக்கும் கிட்டத்தட்ட வருஷம் முழுக்க ஆன்-கால் இருந்துச்சு. சம்பளம் பத்தலைன்னு 2023ல வேலைநிறுத்தம் வரைக்கும் போனாங்க.

இன்னொரு கூத்து கேளுங்க. பல கவுன்சில்கள் வீட்டுல தீப்பிடிச்சு வண்டி வந்தா பில் அனுப்பும். சிம்னி தீக்குக்கூட சில நூறு யூரோ ஆகலாம். பொதுப் புல்வெளி நெருப்புக்கு யாருக்கு பில் அனுப்ப முடியும்? பேர் தெரியாத பசங்களுக்கா? நிதானமா 999 அடிச்சவன் பணம் கட்டுறான், டயர் எரிச்சவன் தப்பிச்சுடறான். இந்த பில்லையே எடுத்துடணும்னுதான் நான் சொல்வேன். பில் பயத்துல ஒருத்தர் போனை எடுக்கத் தயங்கினாக்கூட அது தப்பான கொள்கை. அதுவரைக்கும் உங்க வீட்டு இன்சூரன்ஸ் பாலிசில 'ஃபயர் பிரிகேட் சார்ஜஸ்' வரி இருக்கான்னு தேடிப் பாருங்க. வாடகை வீட்டுக்காரங்க கன்டென்ட்ஸ் பாலிசிலயும் பாருங்க.

வரியை ஏத்தினா அது தீயணைப்புக்குத்தான் போகும்னு உத்தரவாதம் இருக்கா? இல்ல, ஒத்துக்கறேன். பட்ஜெட் கூட்டத்துல கவுன்சிலர்கள்தான் பிரிப்பாங்க. அதனாலதான் கவுன்சிலர் யாருன்றது முக்கியம். நம்மாளுங்க நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம்: உள்ளூர் தேர்தல்ல ஓட்டுப் போட குடியுரிமை தேவையில்ல. 18 வயசு முடிஞ்சு இங்கே வசிச்சா போதும், ஒர்க் பெர்மிட்ல இருந்தாலும் சரி. 2024 ஜூன்ல எத்தனை பேர் போட்டீங்க? அடுத்தது 2029ல. பிபிஎஸ் நம்பரும் எயர்கோடும் கையில இருந்தா ஆன்லைன்லயே பதிவு பண்ணிடலாம். அதுக்கு நடுவுல, சொத்து வரி விகிதத்தை முடிவு பண்றதுக்கு முன்னாடி கவுன்சில் பொதுமக்கள் கருத்து கேட்கும். அங்க வாடகைக்காரங்களும் எழுதலாம். நான் இந்த முறை எழுதப் போறேன், அந்த நாலு யூரோ குறைப்பு வேண்டாம்னு.