பலகையும் கல்லறையும்

மனிதருக்குப் புகழ் வருவது போல இடங்களுக்கும் புகழ் வருவதுண்டு. பெருநகரங்களிலே சில விடுதிகளும் விருந்து மண்டபங்களும் அங்கு வந்துபோன பிரமுகர்களாலேயே பெயர் பெற்றுவிடுகின்றன. அவ்விடத்திலே ஒரு கோப்பை தேநீர் அருந்தினோம் என்று சொல்லிக்கொள்வதே பலருக்குப் பெருமையாகிவிடுகிறது.

சென்ற பள்ளி விடுமுறையில் என் தமக்கையின் மகனைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றிருந்தேன். உயர்தர வகுப்பிலே படிக்கும் பிள்ளை. கோல்பேஸ் ஹோட்டலைப் பார்த்தே தீரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். 1864ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற விடுதி அது. ஒரு பக்கம் காலிமுகத் திடல், மறு பக்கம் கடல். அங்கு தங்கிச் சென்ற பிரமுகர்களின் பெயர்களைப் பலகையிலே பொறித்து வைத்திருக்கிறார்கள். விண்வெளிக்கு முதன்முதற் சென்று மீண்ட யூரி ககாரின் பெயர் அதில் உண்டு. எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கின் பெயரும் உண்டு. 1956இல் நமது கோணேசர் மலையடியிலே கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களைக் கண்டவர்களில் அவரும் ஒருவர் அல்லவா?

பிள்ளை பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தான். கைத்தொலைபேசியிலே படமும் எடுத்துக்கொண்டான். பின்னர் வாடிய முகத்துடன், “மாமா, எங்கட திருகோணமலையில இப்படி ஓர் இடம் இல்லையே!” என்றான்.

அன்றிரவு ஊர் திரும்பும் புகைவண்டியில், நித்திரை வராதபடியால், அவனுக்கு இரண்டு கதைகள் சொன்னேன்.

முதலாவது, அதே ஹோட்டலின் கதை. கேரளத்திலிருந்து வந்த குட்டன் என்பவர் 1942இல் அங்கே பணியிற் சேர்ந்தார். ஏப்பிரல் 5ஆந் தேதி கொழும்பின் மீதும், 9ஆந் தேதி நமது திருகோணமலை மீதும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய ஆண்டு அது. அரசர்களும் அமைச்சர்களும் நடிகர்களும் வந்தார்கள், சில நாள் தங்கினார்கள், போனார்கள். குட்டனோ 2014ஆம் ஆண்டிலே தமது 94ஆவது வயதில் மறையும் வரை, எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்விடுதியோடு வாழ்ந்தார். வெள்ளைச் சீருடையும் நரைத்த மீசையுமாக வாயிலிலே நின்று, வருவோரைக் கைகூப்பி வரவேற்பார். முடிவிலே நடந்தது என்ன? உலகெங்குமிருந்து வந்த பயணிகள் அவருடன் நின்று படமெடுத்துக்கொள்ள விரும்பினார்கள்! கதவைத் திறந்துவிட்டவரே அவ்விடத்தின் புகழுக்குரியவர்களில் ஒருவராகிவிட்டார்.

இரண்டாவது, நியூயோர்க் நகரத்துக் கதை. அங்கே 1929இல் தொடங்கி 1965 வரை நடந்த ஸ்டோர்க் கிளப் என்னும் இரவு விடுதிக்கு இருந்த செல்வாக்குச் சொல்லுந்தரமன்று. உள்ளே நுழைய இடம் கிடைத்தால் ஒருவர் பெரிய மனிதர். கிடைக்காவிட்டால் அவர் யாரோ ஒருவர். வால்டர் வின்செல் என்ற பத்திரிகையாளர் தமக்கென உள்ள மேசையில் அமர்ந்து, வருவோர் போவோரைப் பற்றி எழுதுவார். அதனை இலட்சக்கணக்கானோர் வாசிப்பர்.

1951ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆந் தேதி இரவு, யோசபின் பேக்கர் என்ற பாடகி நண்பர்களுடன் அங்கே சென்றார். அமெரிக்காவிலே கறுப்பினத்தில் பிறந்து, பிரான்சு நாட்டில் பெரும்புகழ் பெற்ற கலைஞர். உலகப் போர்க் காலத்திலே அந்நாட்டின் விடுதலைக்காக உயிரைத் துச்சமாக மதித்து இரகசியப் பணி செய்தவர். அவர் உணவுக்குச் சொன்னார். நேரம் சென்றது, உணவு வரவில்லை. சுற்றியிருந்த மேசைகளுக்கெல்லாம் தட்டுகள் போயின. தமது நிறமே காரணம் என்று உணர்ந்த அவர் எழுந்து வெளியேறினார். வெளியேறியதோடு நில்லாமல் அந்த அநீதியை ஊரறியச் செய்தார். விடுதியின் வாயிலிலே மறியலும் நடந்தது.

இன்று அந்த விடுதி இல்லை. 1966இல் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அவ்விடத்திலே ஒரு சிறு பூங்காவும் செயற்கை நீர்வீழ்ச்சியும் உள்ளன. கட்டணமின்றி எவரும் சென்று அமரலாம். யோசபின் பேக்கரோ, தேசத்தின் தலைசிறந்தோரைப் போற்றும் பாரிஸ் நகரத்துப் பாந்தியனிலே 2021ஆம் ஆண்டு இடம்பெற்றார்.

பிள்ளை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். ஆயினும் அவனது கேள்விக்கு இன்னும் விடை கூறியாகவில்லை. மறுநாள் மாலை அவனை நமது ஊரிலுள்ள பழைய ஆங்கிலேயர் இடுகாட்டுக்கு அழைத்துச் சென்றேன். அங்கே சார்ல்ஸ் ஒஸ்ரின் என்ற கடற்படைத் தளபதியின் கல்லறை உண்டு. பிரித்தானியரின் கிழக்கிந்தியக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர். பர்மியப் போரின்போது 1852ஆம் ஆண்டு ஐராவதி நதியிலே வாந்திபேதியால் இறந்தார். நமது துறைமுகத்திலே எத்தனை கப்பல்கள் அவர் சொல்லுக்குக் காத்திருந்திருக்கும்!

அவருக்குத் தமக்கையர் இருவர். 1801இல் அவர் தமக்குக் கிடைத்த போர்ப் பரிசுப் பணத்தில் இருவருக்கும் பொற்சங்கிலியும் புட்பராகச் சிலுவையும் வாங்கிக் கொடுத்தார். அவர்களில் இளையவர் வீட்டிலிருந்து கதை எழுதியவர். அவருடைய முதல் நாவல் 1811இல் வெளிவந்தபோது, எழுதியவர் ஒரு பெண்மணி என்று மட்டுமே அதில் அச்சிட்டிருந்தது. 1817இல் தமது 41ஆவது வயதில் அவர் இறக்கும்வரை எந்த நூலிலும் அவர் பெயர் இடம்பெறவில்லை. அவர்தாம் ஜேன் ஒஸ்ரின். இன்று இங்கு வரும் வெளிநாட்டார் பலர், தளபதியைத் தேடி வருவதில்லை. ஜேன் ஒஸ்ரினின் தம்பியைத் தேடியே வருகிறார்கள். அந்த அம்மையாரோ நமது ஊரைக் கண்ணாலும் கண்டதில்லை.

“அப்ப, ஆர் பெரிய ஆள் எண்டு அந்தக் காலத்தில ஒருத்தருக்கும் தெரியாதா, மாமா?” என்று கேட்டான் பிள்ளை.

நல்ல கேள்வி. வாசலிலே நிற்பவருக்கு இன்றைய பெயர்தான் தெரியும். நாளைய பெயர் தெரியாது. ஆகையால் பெரியோர் வந்த இடத்தைப் பார்ப்பதிலே குற்றமில்லை, படமெடுப்பதிலும் குற்றமில்லை. ஆனால் அவ்விடத்திலே கதவு திறந்தவர் யார், உணவு மறுக்கப்பட்டவர் யார், வீட்டு மூலையிலிருந்து எழுதியவர் யார் என்பதையும் நம் பிள்ளைகள் கேட்கட்டும். நமது வீட்டு வாசலுக்கு வருகிறவரை எப்படி வரவேற்கிறோம் என்பதைப் பெற்றோராகிய நாமும் எண்ணிப் பார்ப்போமாக.