புலுசுல தண்ணி ஊத்தாதீங்க சாமி!

"சித்தூர் நாட்டுக்கோழி புலுசு வெச்சேன், புள்ளைங்க தொடவே இல்லை"ன்னு புலம்புற மக்களே, தண்ணியும் சர்க்கரையும் கொட்டினா காரம் போகாது, ருசிதான் போகும்.

காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணியில சுலபமா கரையாது, கொழுப்புல கரையும். அதனால தேங்காயும் முந்திரியும் அரைச்சு விடுங்க. (கசகசாவை மறந்துடுங்க, இங்க துபாய்ல அதுக்குத் தடை!) மிளகாய் விதையை உதிர்த்துட்டா முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க, விதை ஒட்டியிருக்கிற வெள்ளைச் சதையிலதான் காரமே இருக்கு. குண்டூர் மிளகாயைப் பாதியாக்கி, பேடகி சேருங்க. நிறம் அப்படியே நிக்கும்.

திருப்பதிப் பக்கம் ராகி சங்கடியோட, அதாங்க நம்ம களியோட, சாப்பிடுறது சும்மாவா? அந்தக் காரத்தைக் களி தாங்கும். களியும் கிண்டாம, வெறும் குழம்பைச் சூப் மாதிரி நீட்டிட்டு, "நம்ம சாப்பாடு புள்ளைக்கு ஒத்துக்கலை"ன்னு பீட்சாவுக்கு போன் போடுறது எந்த ஊரு நியாயம்?