அயலார் இட்ட பெயர்

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யத்துக்கருகே கரையேறி, நமது புதுக்கோட்டைச் சீமையின் தென்னந்தோப்புகளைச் சாய்த்த புயலை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 'கஜா' என்னும் அப்பெயரைத் தந்தது எந்தத் தேசம் என்பது பலருக்குத் தெரியாது. தந்தது இலங்கை. ஆம், நமது ஜெகதாப்பட்டினத்து விசைப்படகுகளை எல்லை தாண்டினவென்று பிடித்துச் செல்லும் அதே இலங்கைதான்!

வங்கக்கடலையும் அரபிக்கடலையும் சூழ்ந்த தேசங்கள், ஐக்கிய நாடுகளின் ஆதரவில் 1972-இல் புயற்குழு ஒன்றை அமைத்தன. தீராப் பகைகொண்ட இந்தியாவும் பாகிஸ்தானுங்கூட அதில் அங்கத்தினர்கள். டில்லி வானிலை நிலையத்தின் புயலெச்சரிக்கை கொழும்புக்கும் போகிறது, கராச்சிக்கும் போகிறது. மனஸ்தாபம் எவ்வளவு இருப்பினும் புயற்செய்தியை அயலாருக்கு மறைப்பாரில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இலங்கையின் வடபகுதியையும் வதைத்ததன்றோ?

காற்றின் விஷயத்தில் கைகூடிய விவேகம் கடலின் விஷயத்தில் ஏன் கைகூடவில்லை என்பதே நமது கேள்வி. 1974-இல் இரு சர்க்கார்களும் பாக் ஜலசந்தியில் எல்லைக்கோடு வகுத்தன. கோட்டின் இருபுறமும், ஆழங்குறைந்த இடங்களில், கடற்புல் வளர்கிறது. அது மீன்குஞ்சுகளுக்குத் தொட்டில், கடற்பசுவுக்கு உணவு. அலையின் வேகத்தைத் தணிப்பதும், பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவை ஈர்த்து மண்ணில் புதைப்பதும் அதுவே. கடல் சூடேறிப் புயல்கள் வலுக்கும் இக்காலத்தில் அப்புல் இரு கரைக்கும் அரண்.

இலங்கை 2017-இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடுத்தது. தமிழக சர்க்கார் 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக்கியது. இரண்டும் நற்காரியங்களே, ஆயினும் தனித்தனிக் காரியங்கள்.

கசப்பான உண்மையொன்றையும் சொல்லியாக வேண்டும். நமது இழுவைமடி கடலின் அடிமண்ணை உழுது புல்லைப் பெயர்க்கிறது. அயல்நாட்டுச் சிறையில் வாடுவோரின் இல்லத்தில் சிந்தும் கண்ணீர் மெய். அறுந்த வலையைக் கண்டு யாழ்ப்பாணத்து மீனவன் சிந்தும் கண்ணீரும் மெய். அவனும் தமிழனே. கடன்பட்டுப் படகு வாங்கிய நம்மவருக்கு வெறும் உபதேசம் சோறு போடாது. அவர்களை ஆழ்கடல் தொழிலுக்கு மாற்ற 2017-இல் தொடங்கிய திட்டத்தால் மாறியவர் சிலரே. அதன் நிபந்தனைகளை எளிதாக்கி உதவியைப் பெருக்குவது நமது சர்க்காரின் கடமை.

அதனுடன், இரு தேசத்து விஞ்ஞானிகளும் மீனவர்களும் சேர்ந்து கடற்புல்லைக் கணக்கெடுத்துக் காக்க ஒரு கூட்டுச் சபை வேண்டும். எல்லை வழக்கு தீரும்வரை இது காத்திருக்கத் தேவையில்லை. புயற்குழு எந்த வழக்குக்காகக் காத்திருந்தது? வரப்போகும் புயலுக்கு ஒன்றுகூடிப் பெயர் வைக்கத் தெரிந்தவர்கள், அதைத் தாங்கவேண்டிய கடலையும் ஒன்றுகூடிக் காப்பார்களாக.