மரமாடியும் அயலார் உறக்கமும்

மதுரை மாசி வீதிகளை அடுத்த சந்துகளில், தேக்குச் சட்டங்களின்மேல் மாடி தாங்கிய பழைய வீடுகள் இன்றும் சில எஞ்சியுள்ளன. அத்தகைய வீடொன்றின் கீழறையில் இருந்து பயில்பவன் யான். மேலே குழந்தை ஓடினும், பாத்திரம் விழினும், அவ்வோசை என் ஏட்டின்மீதே விழும். “மரவீடென்றால் இப்படித்தான், இடித்துக் கான்கிரீட் போடுவதே வழி” என்பர் பலர். அக்கூற்று பொருந்தாதென்பதே என் துணிபு.

ஓசை இருவகையாற் பரவும். பேச்சும் பாட்டும் காற்றின் வழி வருவன. காலடியும் இடிப்பும் கட்டடத்தின் உடல் வழி வருவன. முன்னதைத் தடுப்பது கனம். தடுப்பின் எடை இருமடங்காயின் ஏறத்தாழ 6 டெசிபல் ஓசை குறையுமென்பது பௌதிக விதி. நம் முன்னோர் சட்டங்களின்மேல் செங்கற்களை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்பும் செங்கற்சல்லியும் இட்டுக் கெட்டித்தனர். அத்தளம் பேச்சொலியை எளிதில் விடாது. என் அறைக்கு மேலுள்ளதோ பிற்காலத்தார் பாவிய வெறும் பலகை. ஆகவே பழி மரத்திற்கன்று, கனமின்மைக்கும் இடுக்கிற்குமேயாம்.

பின்னதைத் தடுக்கக் கனம் மட்டும் போதாது. கான்கிரீட் தளத்தின்கீழ் வாழ்வோரும் மேலே நாற்காலி இழுபடுவதை நன்கறிவர். அதற்கு மருந்து மென்மை. மேலே தடித்த தேங்காய்நார்ப் பாய் விரிக்கலாம். கீழே, சட்டங்களை இறுகப் பற்றாத இரண்டாம் விதானம் அமைத்து, இடைவெளியில் நார்ப்பொருள் நிரப்பலாம். ஆயின் கறையானைச் சோதிக்க அவ்விதானம் கழற்றத்தக்கதாய் இருத்தல் வேண்டும். இடுக்குகளை அடைப்பதோ யாவற்றினும் முந்தியது. சிறு பிளவும் பெருமுயற்சியை வீணாக்கும்.

நிற்க. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என எல்லை வகுத்துள்ளன. அவை வெளிச்சூழலைப் பற்றியன. ஒரு கூரையின்கீழ் வாழ்வோர்க்கு இடையே எல்லை வகுப்பது மனச்சான்றே.

இதனை யான் கற்றது நூலினின்று அன்று. மாடிக் குழந்தையைப்பற்றி முறையிட எண்ணியிருந்த நாளில், அவ்வீட்டுப் பாட்டியார் இறங்கிவந்து, “தம்பி, விடியுமுன் நீ நெட்டுருப் போடும் செய்யுளெல்லாம் எனக்கும் பாடமாகிவிட்டது” என்றார். முறையீடு என் நாவிலேயே அடங்கிற்று. அன்றே பலகையின் பிளவுகளை அடைத்தேன், குரலையும் தாழ்த்தினேன். அயலாரை நேசிக்கக் கற்ற நாம், வீட்டை இடிக்குமுன் இவ்விரண்டையும் செய்து பார்ப்போமாக.